இரவல் பாவாடை

"இத நான் கழட்டிக் குடுத்துட்டா, படத்துக்குள்ள நிக்கிறவ எத உடுத்திக்கிருவா?"

கேட்டவளுக்கு எட்டு வயது. நெற்குப்பை என்ற ஊரில், பெரிய வீடொன்றின் உள்வாசலில், நிலைக்கதவை ஒட்டி நின்றுகொண்டு கேட்டாள். அவள் உடம்பில் இருந்த புதுப் பாவாடை சட்டை சென்னையிலிருந்து வந்திருந்த துணிக் கம்பெனிக்குச் சொந்தம். படம் எடுத்தாகிவிட்டது. அதைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைக்கக் கம்பெனிப் பெண் ஒருத்தி கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கேமராவை மூடிக்கொண்டிருந்த சௌபர்ணிகாவுக்குச் சிரிப்பு வந்தது.

"படத்துக்குள்ள நிக்கிறவகிட்ட அது எப்பவும் இருக்கும். உனக்கு, அடுத்த தடவை வர்றப்ப இதே மாதிரி ஒண்ணு கொண்டாறேன்."

"இதே மாதிரியா?"

"இதே மாதிரி."

குழந்தை தலையை ஆட்டிவிட்டுக் கைகளை உயர்த்திக்கொண்டாள். பாவாடை போனது. சௌபர்ணிகா அந்த வார்த்தையைப் பொய்யாகச் சொல்லவில்லை. பெரியவர்கள் குழந்தைகளிடம் சொல்லும் வார்த்தைகள் பெரும்பாலும் பொய்யல்ல. சொன்ன இடத்திலேயே அவற்றை விட்டுவிட்டு வந்துவிடுகிறோம், அவ்வளவுதான். குழந்தைகள்தான் அவற்றை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

சௌபர்ணிகா அந்த ஊர்க் குடும்பத்துப் பெண்தான். வளர்ந்தது சென்னையில். நகைக்கடை விளம்பரத்துக்கு வளையல்களைப் படம் எடுக்கத் தொடங்கி, புடவைக் கம்பெனிகள், மும்பைப் பத்திரிகை அட்டைகள் என்று மேலே போனாள். அந்த வேலையெல்லாம் கலரில். ஆனால் ஒவ்வொரு படப்பிடிப்பும் முடிந்து, விளக்குகளை இறக்கி, மாடல் பெண்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, பழைய ஃபிலிம் கேமரா ஒன்றை எடுத்து ஒரு சுருள் கறுப்பு வெள்ளை தனக்காக எடுப்பாள். கழற்றிப் போட்ட கொலுசு, பூ உதிர்ந்து கிடக்கும் நாற்காலி, காத்திருந்து தூங்கிப்போன டிரைவர். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். "கம்பெனிக்குக் கலர், சாமிக்குக் கறுப்பு வெள்ளை."

அந்தச் சாமிப் படங்கள்தான் பிறகு சட்டம் போட்டுச் சுவரில் ஏறின. அவளைக் கலைஞர் என்று ஊர் சொன்னது அவற்றுக்காகத்தான். அவற்றிலும் ஒரு படத்துக்காக. உள்வாசலில் நிற்கும் அந்தச் சிறுமி. அகலமான தேக்குக் கதவு, பின்னால் இருட்டு, நடுவில் விறைத்து நிற்கும் ஒரு குழந்தை, தான் போட்டிருக்கும் உடுப்பு கசங்கிவிடக் கூடாது என்பதுபோல் இரண்டு கைகளையும் உடம்பை விட்டுச் சற்றே தள்ளி வைத்துக்கொண்டு. அந்தப் படம் எந்தெந்த நாட்டுக்கோ போனது. எங்கே மாட்டினாலும் ஜனங்கள் அதன் எதிரில் கொஞ்சம் கூடுதலாக நின்றார்கள். சிலர் இரண்டடி பின்னால் போய் நின்றார்கள்.

சௌபர்ணிகாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றும் இருந்தது. இருட்டறையில் அந்தப் படத்தை அச்சிடும்போது, தாளை மருந்துத் தட்டில் போட்டால் முதலில் கறுப்புப் பகுதிகள்தான் தெளியும். கதவின் நிழல் வர வேண்டும், பின்னால் உள்ள இருட்டு வர வேண்டும், முகம் கடைசியில். அதுதான் முறை. இந்தப் படத்தில் அப்படி நடப்பதில்லை. வெள்ளைத் தாளில் முதலில் இரண்டு கண்கள் வரும். வந்து, மற்றதெல்லாம் வரும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருக்கும். மருந்தின் சூடு, தாளின் பழுது என்று எதையெதையோ மாற்றிப் பார்த்தாள். பிறகு மாற்றிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அந்தப் படத்தை அச்சிடும் நாளில் மட்டும் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு இருட்டறைக்குள் போவாள்.

மாசி மாதத்தில் சென்னையில் அவளுடைய இத்தனை வருடத்துப் படங்களுக்கும் ஒரு பெரிய கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. கலைக்கூடத்தின் சார்பில் அதைக் கவனித்தவள் தீக்ஷா என்ற இளம்பெண். முதல் மண்டபத்தின் பெரிய சுவர் முழுக்க அந்தச் சிறுமிக்குத்தான் என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

"கீழ 'பெயர் தெரியாத சிறுமி, நெற்குப்பை'ன்னே போட்டுட்டிருக்கோம் மேம். பேரு என்ன? இப்ப பெரிய பொண்ணா இருப்பாங்கல்ல. திறப்பு விழாவுக்கு அவங்களையே கூப்பிட்டா எவ்வளவு நல்லா இருக்கும்."

சௌபர்ணிகாவுக்குச் சுருக்கென்றது. குழந்தை கேட்ட கேள்வி நினைவிருந்தது. பெயர் இல்லை. மார்கழி முடிவதற்குள், படத்தின் நல்ல அச்சு ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நெற்குப்பைக்குக் கிளம்பினாள். கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி ஓடிவந்து படத்தைப் பார்த்து வெட்கப்படுவாள் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவளுடைய பங்காளி வகையில் அண்ணன் அழகுசுந்தரம். சினிமாவுக்கும் விளம்பரத்துக்கும் வீட்டை வாடகைக்கு விடுவது இப்போது அவர் பொறுப்பு.

"வா ஆத்தா. போன மாசம்தான் இங்க ஒரு கல்யாணம் நடந்துச்சு. மாப்பிள்ளை காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் தாலி கட்டுனாரு. டைரக்டருக்குத் திருப்தியே இல்ல. கடைசியில பொண்ணு தூங்கிப் போச்சு."

"சாப்பாடாவது நல்லா இருந்துச்சா அண்ணே?"

"அதுவும் அட்டையில செஞ்ச லட்டு."

சிரித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள். "அண்ணே, நான் முதல்ல இங்க படம் எடுத்தப்ப உள்வாசல்ல ஒரு குழந்தை நின்னுச்சே. சமையல்கட்டுல வேலை பாத்தவங்களோட மக. அது பேரு என்ன? இப்ப எங்க இருக்கு?"

அழகுசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஈஸ்வரி மக மஹாலட்சுமி. மகா மகான்னு கூப்பிடுவோம். அது அந்த ஐப்பசியிலயே போயிருச்சே ஆத்தா. மழைக் காய்ச்சல். ஒனக்கு யாரும் சொல்லலையா?"

ஈஸ்வரியின் வீடு ஊருணிக்கு அந்தப் பக்கம். அங்கே போகாமல் திரும்பிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. கையில் படம் இருந்தது. அதை இனி எங்கே கொண்டுபோவது என்றும் தெரியவில்லை. போனாள்.

ஈஸ்வரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பார்வையிலேயே அடையாளம் கண்டுகொண்டாள்.

"கேமரா ஆச்சிதானே? வாங்க ஆச்சி, உள்ள வாங்க. ஒங்கள மறக்க முடியுமா. மகா ஒங்களப் பத்திப் பேசாத நாளு கெடையாது."

நாற்காலி போட்டாள். காப்பி வைத்துக் கொண்டுவந்தாள். சௌபர்ணிகா இப்போதுதான் செய்தி தெரிந்தது என்றாள். தெரியாமல் இவ்வளவு நாள் இருந்துவிட்டேன் என்றாள். ஈஸ்வரி தலையை அசைத்தாள்.

"அங்குட்டு இருக்கவுகளுக்கு எப்படித் தெரியும். படுத்திருக்கும்போதுகூட, 'கேமரா ஆச்சி வந்துட்டாகளா'ன்னு கேட்டா. எதுக்குடின்னேன். 'எனக்கு உடுப்புக் கொண்டாருவாக'ன்னா. காய்ச்சல்ல பொலம்புறான்னு நெனச்சேன்."

வீட்டின் நடுவில், உத்தரத்திலிருந்து கயிற்றில் ஓர் ஓலைப்பெட்டி தொங்கியது. மூடியில் மஞ்சள் குங்குமம். சௌபர்ணிகா அதைப் பார்ப்பதைப் பார்த்து ஈஸ்வரியே சொன்னாள்.

"கல்யாணம் ஆகாமப் போன பிள்ளையில்லையா. எங்க வீட்டுக் கன்னியா வச்சுக் கும்புடுறோம். தை மாசக் கடைசி வெள்ளிக்கு அந்தப் பொட்டியில புதுசு எடுத்து வைப்போம். அன்னைக்குச் சாயங்காலம் பொட்டிய இறக்கித் தொறந்து வச்சு, வெளக்க ஏத்திட்டு, எல்லாரும் ஊருணிக்குத் தண்ணி எடுக்கப் போயிருவோம். கதவச் சாத்த மாட்டோம். அந்நேரம் வீடு அவளுக்கு. வந்து உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டுப் போகட்டும்னு. எங்க மாமியா காலத்துல இருந்து இப்படித்தான் செய்யிறது."

"அப்புறம்?"

"திரும்பி வந்து கும்புட்டா, எங்க நாத்தனா சோணையம்மா மேல வந்து இறங்குவா. புதுசத் தொட்டுப் பாப்பா. 'இது இல்ல'ம்பா. வருசா வருசம் அதே சொல்லுதான் ஆச்சி. செவப்பு எடுத்தேன், பச்சை எடுத்தேன், ஜரிகை போட்டது எடுத்தேன். தொட்டுட்டுத் தள்ளிருறா. என் பிள்ளை எதக் கேக்குறான்னே எனக்குத் தெரியல."

சௌபர்ணிகாவின் மடியில் படம் இருந்தது. துணியைப் பிரித்து நீட்டினாள்.

ஈஸ்வரி முந்தானையில் கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். விரலைப் படத்தின் மேல் வைக்காமல், கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, முகத்தின் மேலாகக் கொண்டுபோனாள்.

"எம்புட்டு ஒசரமா நிக்கிறா," என்றாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கியது. "இந்த உடுப்பா? இதத்தான் கேக்குறாளா?"

"ஆமா. கம்பெனி உடுப்பு. படம் எடுத்துட்டுத் திருப்பி வாங்கிட்டாங்க. இதே மாதிரி கொண்டாறேன்னு நான்தான் சொன்னேன்."

"இதுல நெறம் தெரியலையே. என்ன கலரு ஆச்சி?"

சௌபர்ணிகா வாயைத் திறந்தாள். அந்தப் பாவாடையின் மடிப்பு ஒவ்வொன்றும் அவளுக்குத் தெரியும். எந்த மடிப்பில் எவ்வளவு நிழல், எந்த இடத்தில் தாளுக்கு ஒரு நொடி கூடுதலாக வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். நிறம் இல்லை. நினைவைத் துழாவினால் அங்கேயும் கறுப்பும் வெள்ளையும் சாம்பலுமாகத்தான் குழந்தை நின்றாள். ஏதாவது ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கலாம். ஈஸ்வரி நம்பியிருப்பாள். ஆனால் தலைக்கு மேலே பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியல ஈஸ்வரி. மறந்துட்டேன்."

"அதுக்கென்ன. பெத்தவ எனக்கே தெரியலையே. அன்னைக்கு அத்தனை பேருக்குச் சமையல். ஓடியாந்து என்னமோ சொன்னா. அடுப்பப் பாத்துக்கிட்டே ம்ம்-னுட்டேன்."

காப்பியில் ஆடை படிந்தது. சௌபர்ணிகா கண்காட்சியைப் பற்றிச் சொன்னாள். பெரிய சுவர், இந்த ஒரு படம். "உங்களைக் கேக்காம வைக்க மாட்டேன்," என்றாள்.

"ஊர்ப்பட்ட சனம் வந்து பாக்குமா?"

"பாப்பாங்க."

ஈஸ்வரி படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் துணியால் மூடினாள்.

"வேண்டாம் ஆச்சி. இரவல் துணியில நிக்கிறா. நாங்க இல்லாதவகதான். ஆனா நல்லது கெட்டதுக்கு இன்னொருத்தர் உடுப்ப வாங்கி உடுத்துனதில்ல. உசுரோட இருந்தாக்கூடச் சரி, பிள்ளை ஆசைக்குப் போட்டுக்கிட்டான்னு விட்டுறலாம். இப்ப அவ சாமியாச்சே. சாமிய இரவல் துணியில ஊருக்கு முன்னால நிக்க வைக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

சௌபர்ணிகா மூடிய படத்தையே பார்த்தாள்.

"ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல," என்று படத்தை அவள் கையில் கொடுத்தாள் ஈஸ்வரி. "காப்பி ஆறிப்போச்சு. சுட வச்சுக் கொண்டாரேன்."

அன்று மாலையே பெரிய வீட்டு முகப்பிலிருந்து தீக்ஷாவுக்குப் போன் செய்தாள்.

"அந்தப் படம் வேண்டாம் தீக்ஷா. அவங்க அம்மாவுக்கு விருப்பமில்ல."

"மேம், அழைப்பிதழ்லயே அந்தப் படம்தான். உங்களத் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் நீங்கன்னா அந்தப் படம்தான். சட்டப்படி அது உங்களோடது."

"சட்டப்படி பாவாடை கம்பெனியோடது. அதுலதான் பிரச்சினையே."

"அது இல்லாம அந்தச் சுவரு நிக்காது மேம்," என்றாள் தீக்ஷா. அது உண்மை என்பது சௌபர்ணிகாவுக்கும் தெரியும். தன் இத்தனை வருட வேலையிலிருந்து அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எவ்வளவு என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருந்தது.

"வேற ஏதாவது கிடைக்குதான்னு தேடிப் பாக்குறேன்," என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை லேப்டாப்பில் மாட்டிக்கொண்டு முகப்பில் உட்கார்ந்தாள். சுவருக்கு ஏற்ற வேறு படம் வேண்டும். வளையல்கள் போயின, புடவைகள் போயின. எத்தனை முகங்கள். யாருடைய கண்ணும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் வாங்கப் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தள்ளித் தள்ளி வந்தபோது இதே வீட்டில் எடுத்த அந்த நாளின் கலர்ப் படங்கள் வந்தன.

அன்று கம்பெனிக்காரர்கள் சென்னையிலிருந்து ஒரு குழந்தை மாடலையும் அழைத்து வந்திருந்தார்கள். வழியில் வாந்தியெடுத்து அது படுத்துவிட்டது. அதற்காகக் கொண்டுவந்த உடுப்பைச் சமையல்கட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்தார்கள். கம்பெனி முதலாளி முகத்தைச் சுளித்தார். வேண்டாமென்றால் கழற்றியிருக்கலாம். அந்த அவசரத்தில் யாருக்கும் அது நினைவில்லை. மகா பிற்பகல் முழுக்க அந்த உடுப்போடு, தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு சௌபர்ணிகாதான் கூப்பிட்டாள், கறுப்பு வெள்ளைக்கு.

கலர்ப் படங்களில் பட்டுப் புடவை கட்டிய மாடல் பெண் தூணில் சாய்ந்திருந்தாள். பின்னால் வீட்டுச் சுவர். சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசி, கண்ணாடிபோல் பளபளக்கும்வரை தேய்த்த சுவர். பத்திரிகையில் வந்த படத்தில் அது பால்போல் சுத்தமாக இருக்கும். இது திருத்தாத படம். மாடலின் தோளுக்கு அப்பால், சுவரின் கீழ்ப்பாதியில், ஒரு கறை இருந்தது. அது அவளுக்கு நினைவிருந்தது. படம் திருத்துகிறவரிடம், "சுவர்ல கறை, எடுத்துருங்க," என்று சொன்னவளே அவள்தான்.

அடுத்த படத்துக்குத் தள்ளினாள். கறை கொஞ்சம் இடப்பக்கம் இருந்தது.

அதற்கடுத்ததில் கீழே இறங்கியிருந்தது, குந்தி உட்கார்ந்ததுபோல. அதற்கும் அடுத்ததில் மறுபடி எழுந்திருந்தது. பிறகு ஒரு படத்தில் வட்டமாக விரிந்திருந்தது.

கறை நகராது. இது பளபளப்பான சுவரில் விழுந்த பிம்பம். பாவாடை கட்டிய சிறுபெண் தன்னைத்தானே சுற்றினால் அப்படித்தான் வட்டமாக விரியும். கேமராவுக்கு வெளியே, யாரும் பார்க்காத இடத்தில், அந்தப் பிள்ளை பிற்பகல் முழுக்க விளையாடியிருக்கிறாள். சுவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கினாள். கறைக்கு ஒரு நிறம் இருந்தது. கத்தரிப்பூ நிறம். அதன் அடியில், ஒரு கோடுபோல, மாம்பழ மஞ்சள் கரை.

எழுந்து அந்தச் சுவருக்குப் போனாள். நாலு மணி வெயில் முற்றத்தில் இறங்கியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவரின் எதிரில் நின்றபோது அவளுடைய வெள்ளைச் சேலை மங்கலாக அதில் தெரிந்தது. அவள் விலகினாள். வெண்மை போனது. போன இடத்தில் மெல்லிய ஊதா ஒன்று சற்று நேரம் இருந்தது. மேகமாக இருக்கலாம். எதிர்ப்பக்கத்துக் கண்ணாடிச் சன்னலின் நிறமாகவும் இருக்கலாம். பிறகு அதுவும் இல்லை.

தைக்க அளவு வேண்டுமே. படத்தை எடுத்துக்கொண்டு உள்வாசலுக்குப் போனாள். கதவு அப்படியேதான் இருந்தது. படத்தில் குழந்தையின் தோள், கதவில் செதுக்கிய இரண்டாவது தாமரைக்கு நேராக இருந்தது. இடுப்பு, பித்தளை வளையத்துக்குச் சற்றுக் கீழே. பாவாடையின் ஓரம், கீழ்ச்சட்டத்தின் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. தையல் நூல் வாங்கி வந்து, தாமரையிலிருந்து வளையத்துக்கும் வளையத்திலிருந்து சட்டத்துக்கும் பிடித்து, முடிச்சுப் போட்டுக்கொண்டாள். மரத்தில் நூலை அழுத்திப் பிடித்தபோது, ஒரு குழந்தையை அசையாமல் நிற்கச் சொல்லி அளவெடுப்பதுபோலவே இருந்தது.

துணி காரைக்குடியில் கிடைத்தது. பல கடை ஏறி இறங்கிய பிறகுதான் கிடைத்தது. கத்தரிப்பூ நிறத்தில் பருத்தி, மாம்பழக் கரை தனியாக வாங்கி வைத்துத் தைக்க வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தையல்காரர் வீரபாண்டியன் நூலை வாங்கிப் பார்த்தார்.

"அளவு உடுப்பு இல்லீங்களா?"

"இல்ல. இதுதான் அளவு."

"பிள்ளையவாவது ஒரு நடை கூட்டியாந்திருக்கலாம்ல. நூலுக்குச் சட்டை தைக்கச் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன். சரி, உள்ள ரெண்டு விரக்கடை மடிச்சு விட்டுத் தைக்கிறேன். பிள்ளைக வளரும். பின்னாடி பிரிச்சு விட்டுக்கலாம்."

"வேண்டாங்க. இந்த அளவே போதும்."

"அடுத்த வருசம் பத்தாதும்மா."

"பத்தும்," என்றாள் சௌபர்ணிகா. வீரபாண்டியன் அவள் முகத்தைப் பார்த்தார். நூலைக் கசக்காமல் ஒரு தாளில் சுற்றி வைத்தார்.

தீக்ஷாவிடம் பாவாடை தைக்கக் கொடுத்ததை மட்டும் சொல்லியிருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் குரலில் வெளிச்சம் வந்துவிட்டது.

"அப்ப பிரச்சினை தீர்ந்துச்சே மேம். இரவல்தானே அவங்களுக்குச் சங்கடம். இத அவங்க கையில குடுத்துட்டுக் கேட்டா கண்டிப்பா சரிம்பாங்க. சுவர அப்படியே வச்சிருக்கேன்."

சரி என்பாள். அதில் சௌபர்ணிகாவுக்கும் சந்தேகமில்லை. ஈஸ்வரி கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிக்கொள்வாள். எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டுங்கள் என்பாள். அதை எண்ணியபடி அவள் இரண்டு நாள் இருந்தாள். மனம் அந்தப் பக்கம் சாய்ந்ததும் உண்டு. ஆனால் குன்றக்குடி மலையேறி முருகன் முன்னால் கண்ணை மூடியபோது ஒன்று தெளிவாகப் புரிந்தது. ஈஸ்வரியின் கையில் கொடுத்தால் அது விலையாகிவிடும். படத்துக்குப் பாவாடை என்று ஒரு வியாபாரம் ஆகிவிடும். தான் வார்த்தை கொடுத்தது ஈஸ்வரிக்கு அல்ல.

படிக்கட்டில் உட்கார்ந்தே போன் செய்தாள். "அந்தச் சுவர் காலியாவே இருக்கட்டும் தீக்ஷா. வேற எதையும் மாட்ட வேண்டாம். கேக்குறவங்ககிட்ட, அந்தப் பிள்ளை அது வீட்டுல இருக்குன்னு சொல்லுங்க."

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நெற்குப்பைக்கு வந்தாள். வந்தது அழகுசுந்தரத்துக்குக்கூடத் தெரியாது. கேமராவைக் கொண்டுவரவில்லை. காரை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு, பொட்டல் வழியாக நடந்தாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ஊருணிப் பக்கம் பெண்களின் குலவைச் சத்தம் கேட்டது. அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

ஈஸ்வரியின் வீடு திறந்து கிடந்தது. தெருவில் ஆளில்லை. செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படியில் நின்றாள். உள்ளே குத்துவிளக்கு எரிந்தது. இறக்கி வைத்த ஓலைப்பெட்டி, பக்கத்தில் ஒரு சின்ன மணை, ஒரு தட்டில் அவலும் வெல்லமும். மணையில் யாரும் இல்லை. ஆனாலும் யாரோ இருக்கிற வீட்டுக்குள் நுழைகிறவளைப் போலத்தான் அவள் குனிந்து நுழைந்தாள். மணைக்கு நேராகக் காலை வைக்காமல் சுற்றிப் போய் உட்கார்ந்தாள்.

பெட்டியில் மேலாக இந்த வருடத்துப் புதுசு இருந்தது. சிவப்பில் பாவாடை, தாவணி. சௌபர்ணிகா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாவணி. அதன் கீழே போன வருடத்துடையது, அது ஒரு கைப்பிடி குட்டை. இரண்டு கைகளாலும் மொத்தத்தையும் மெதுவாக வெளியே எடுத்தாள். கீழே போகப் போகப் பாவாடைகள் சிறுத்துக்கொண்டே போயின. பச்சை, ஜரிகை, மஞ்சள். ஈஸ்வரி வருடா வருடம் கூட்டித் தைத்திருக்கிறாள். இந்த வீட்டில் மகா வளர்ந்துகொண்டுதான் இருந்தாள். படத்தில்தான் அவள் வளரவில்லை.

பெட்டியின் அடி வெறுமையாக இருந்தது. காய்ந்த வேப்பிலை ஒன்று கிடந்தது.

பைக்குள்ளிருந்து கத்தரிப்பூ நிறப் பாவாடை சட்டையை எடுத்தாள். மடிப்பைச் சரிசெய்து, மாம்பழக் கரை மேலே தெரியும்படி, பெட்டியின் அடியில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் முன்னால் வந்திருக்க வேண்டியது அதுதான். அதன் மேல் உள்ளங்கையை வைத்தபோது துணி வெதுவெதுப்பாக இருந்தது. வெயிலில் நடந்து வந்த பையில் இருந்ததால் இருக்கலாம்.

"கொண்டாந்துட்டேன் மகா," என்றாள்.

விளக்கின் சுடர் அசையவில்லை. வேறெந்தச் சத்தமும் இல்லை. முன்பு இருந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் திரும்ப அடுக்கினாள். மஞ்சள், ஜரிகை, பச்சை, கடைசியில் சிவப்புத் தாவணி. எடுத்த சுவடே தெரியாதபடி ஓரங்களை நீவிவிட்டாள்.

குலவைச் சத்தம் கிளம்பித் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்தது. சௌபர்ணிகா கொல்லைப் பக்கம் போய், வேலிப் படலைத் திறந்து, மறுபடி சாத்தினாள். செருப்பு வாசலிலேயே கிடந்தது பொட்டலில் பாதி தூரம் போன பிறகுதான் தெரிந்தது. அவள் திரும்பிப் போகவில்லை. முள்ளைப் பார்த்துக் காலை வைத்து நடந்தாள்.